கடலூர், பாண்டி பக்கம் ஒரே நாளில் படகில் தீவு தீவாகப் போக முடியுமா?

பாண்டிப்பையன்:

வணக்கம் மக்களே. நாங்கள் லாஸ்பேட்டை ஸ்கூல் செட், ஏழெட்டுப் பேர். பிரான்சில் இருக்கும் நண்பன் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறான். அவன் தாய்லாந்து போய்விட்டு வந்ததில் இருந்து குரூப்பில் ஒரே போட்டோதான். காலையில் படகு ஏறி ஒரு தீவில் குளியல், அடுத்த தீவில் சாப்பாடு, சாயங்காலம் இன்னொரு தீவில் சூரியன் மறைகிறது. "நம்ம ஊரிலும் கடல் இருக்கு, படகு இருக்கு, ஒரு நாள் அதே மாதிரி போயே ஆகணும்" என்று பிடிவாதமாக இருக்கிறான்.

அவன் போட்டிருக்கும் திட்டம் இதுதான்: கடலூர் ஓ.டி.யில் (ஓல்டு டவுன்) தெரிந்தவர் மூலம் ஒரு ஃபைபர் போட் பேசுவது, துறைமுகத்தில் ஏறி கடல் வழியாகவே பிச்சாவரம் போவது, வழியில் இரண்டு மூன்று தீவில் இறங்குவது. மேப்பில் பார்த்தால் கரையோரம் திட்டுத் திட்டாக நிறையத் தெரிகிறது. அதெல்லாம் இறங்கக்கூடிய இடமா? எங்களில் இரண்டு பேருக்கு நீச்சல் தெரியாது. ஒருத்தனுக்கு பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைக்காவிட்டாலே வாந்தி. போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

சிங்காரத்தோப்புக்காரன்:

தம்பி, முதலில் அந்த ஃபைபர் போட் யோசனையை மூட்டை கட்டி வையுங்கள். நான் கடல் தொழில் வீட்டில் பிறந்தவன், அண்ணன் இன்னமும் தொழிலுக்குப் போகிறார், அதனால்தான் சொல்கிறேன். கடலூரில் இருந்து தெற்கே கொள்ளிடம் வரைக்கும் கடலுக்குள் தீவு என்று ஒன்றுகூடக் கிடையாது. ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் வண்டலும்தான் இந்தக் கரை. தண்ணீருக்கு மேலே தலை நீட்டும் பாறையும் இல்லை, பவளத் தீவும் இல்லை. நீங்கள் மேப்பில் பார்த்த திட்டெல்லாம் கரைக்கு உள்பக்கம், கழிமுகத்துக்குள் இருப்பவை.

கடலில் இருந்து அதற்குள் நுழைய வேண்டுமானால் முகத்துவாரம் தாண்டணும், வினையே அங்கேதான். ஆற்றுத் தண்ணீர் வெளியே தள்ளும், அலை உள்ளே தள்ளும், நடுவில் மணல்மேடு. அந்த மேடும் போன மாதம் இருந்த இடத்தில் இந்த மாதம் இருக்காது. தண்ணீர் வற்றும் நேரத்தில் அலை அந்த மேட்டில் மடிந்து விழும். தினமும் போகிறவனே அங்கே வந்ததும் என்ஜினைக் குறைத்து, பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்று, பெரிய அலைகளை முன்னே போகவிட்டு, அடுத்த இடைவெளி கிடைத்ததும் ஒரே விரட்டாக விரட்டி உள்ளே ஏற்றுவான். அந்த நேரம் பார்த்து உங்கள் ஆட்கள் எழுந்து நின்று செல்ஃபி எடுத்தால் படகு புரள ஒரு நொடி போதும்.

இன்னொன்று, மீன்பிடிப் படகுக்குக் கொடுக்கும் பதிவு மீன்பிடிக்கத்தான், ஊர் சுற்றிக்காட்ட அல்ல. ஏதாவது ஆனால் படகுக்காரர் குடும்பம்தான் தெருவுக்கு வரும், நீங்கள் காரில் ஏறி வீட்டுக்குப் போய்விடுவீர்கள். தெரிந்தவர் என்கிறீர்கள், அவரை ஏன் மாட்டிவிட வேண்டும்?

தமிழ்நாட்டில் கடலுக்குள் வரிசையாகத் தீவு வேண்டும் என்றால் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருக்கின்றன. ஆனால் 1986ல் இருந்து அது கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்க முடியாது. ஒரு தீவில் குளியல், அடுத்த தீவில் பிரியாணி என்பதெல்லாம் அங்கேயும் நடக்காது.

கிள்ளை_கொக்கு:

அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் பிச்சாவரத்தை விட்டுவிடாதீர்கள், தரை வழியாக வாருங்கள். பாண்டியில் இருந்து கடலூர், சிதம்பரம், அங்கிருந்து கிழக்கே ஒரு 15 கிலோமீட்டர். வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் சேரும் இடத்துக்கு நடுவில் சுமார் 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு, அதற்குள் சின்னதும் பெரிதுமாகத் திட்டுகள், அவற்றுக்கு நடுவில் வாய்க்கால்கள். 2022ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். உங்கள் நண்பர் கேட்கும் தீவு தீவாகப் போவது நம் மாவட்டத்தில் இங்கே மட்டும்தான் உண்டு, என்ன, இறங்க முடியாது. அவை நின்று குளிக்கும் மணல் தீவுகள் இல்லை, முழங்கால் வரை இறங்கும் சேறு. சேறு முழுக்க வெண்கண்டல் மரத்தின் மூச்சு வேர்கள் ஈட்டி நட்டது போல நிற்கும், வெறுங்காலோடு மிதித்தால் தெரியும் சேதி.

எல்லாரும் செய்வது, வந்ததும் மோட்டார் படகு எடுத்து அகலமான வாய்க்காலில் சர்ரென்று ஒரு சுற்று சுற்றிவிட்டு "அவ்வளவுதானா" என்று உதட்டைப் பிதுக்குவது. மோட்டார் படகு குறுகிய வாய்க்காலுக்குள் நுழையாது. துடுப்புப் படகுதான் எடுக்கணும். ஏழெட்டுப் பேர் என்றால் இரண்டு படகாகப் பிரியுங்கள். உள்ளே போகப் போக சுரபுன்னை வேர் இரண்டு பக்கமும் வளைந்து இறங்கி, தலைக்கு மேல் கிளை மூடிக்கொள்ளும், வெயிலே தெரியாது. சுரபுன்னை விதை கீழே விழுந்து முளைப்பதில்லை, மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு முருங்கைக்காய் நீளத்துக்கு வளர்ந்த பிறகுதான் விழும், பல நேரம் நேராகச் சேற்றில் குத்தி நின்றுவிடும். வெண்கண்டல் இலையின் அடிப்பக்கத்தை நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்கும். அந்த மரம் உறிஞ்சிய உப்பை இலை வழியாகத்தான் வெளியே தள்ளுகிறது. ஆனால் தெரியாத இலையை ஒடிக்காதீர்கள். தில்லை மரமும் இதே காட்டில் உண்டு, அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சிதம்பரம் கோயிலின் தல மரம் அதுதான், ஊருக்குத் தில்லை என்று பெயர் வந்ததும் அதனால்தான்; ஊருக்குள் தேடினால் கிடைக்காது, இங்கே வந்துதான் பார்க்கணும்.

ஓடையில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களைப் பார்த்தால் படகைக் கிட்டே விடச் சொல்லாதீர்கள். தண்ணீர் கலங்கினால் அவர்கள் பிழைப்பு போச்சு. போட்டோவும் கேட்டுவிட்டு எடுங்கள்.

நேரம்: காலையில் படகுத்துறை திறந்ததும் வந்துவிடுங்கள். வெயிலும் கூட்டமும் ஏறுவதற்கு முன்னால் உள்ளே போய்விடலாம். நம் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான் என்றாலும், இங்கே பல வாய்க்காலில் ஆழமே அவ்வளவுதான் என்பதால் தண்ணீர் வற்றும் நேரத்தில் வந்தால் படகு தரை தட்டும். படகோட்டி "அந்தப் பக்கம் இன்னிக்குப் போகாது சார்" என்றால் அடம்பிடிக்க வேண்டாம்.

பொங்கலுக்கு வருகிறீர்கள், அதனால் ஒரு வேண்டுகோள். காணும் பொங்கல் அன்று மட்டும் இந்தப் பக்கம் தலை வைக்காதீர்கள். அன்றைக்கு நீங்கள் பார்ப்பது காடு அல்ல, கியூ.

மஞ்சக்குப்பத்துக்காரி:

நான் தாய்லாந்தில் கிராபி போயிருக்கிறேன், பிச்சாவரமும் பலமுறை போயிருக்கிறேன். பாண்டிப்பையனுக்கு ஒரே ஒரு விஷயம்: இரண்டையும் ஒப்பிட்டுப் பேசி நண்பரை அழைத்துப் போகாதீர்கள், ஏமாந்து போவார். அங்கே சுண்ணாம்புப் பாறைத் தீவுகள் கடலில் இருந்து செங்குத்தாக எழும்பி நிற்கும், பாறையை ஒட்டியே கண்ணாடி மாதிரித் தண்ணீர். அங்கே ஓடும் நீண்ட வால் படகு என்பது மரப்படகின் பின்னால் லாரி, கார் என்ஜினைத் தூக்கி வைத்து, நீளமான தண்டின் முனையில் விசிறியை மாட்டி ஓட்டுவது. பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. வற்றம் நேரத்தில் டப் தீவுக்குப் பக்கத்தில் கடல் விலகி மணல்திட்டு தெரியும், அதில் நடந்தே அடுத்த தீவுக்குப் போகலாம். சும்மா சொல்லக்கூடாது, அது ஒரு அனுபவம்தான்.

ஆனால் அங்கேயும் ஆள் கூட்டம் என்ன செய்தது தெரியுமா? மாயா பே கடற்கரையைப் பவளம் அழிகிறது என்று 2018ல் மூடியே விட்டார்கள். 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இப்போது படகு முன்பக்கம் வரக்கூடாது, பின்பக்கம் இறங்கி நடந்து வரணும், நீந்தக் கூடாது. குரூப்பில் வரும் போட்டோவில் இதெல்லாம் தெரியாது.

தெளிந்த தண்ணீர், பவளம், மீன் என்பதுதான் நண்பருக்கு ஆசை என்றால், ஒரு நாள் கணக்கை விட்டுவிட்டு காசு சேர்த்து அந்தமான் போங்கள். சென்னையில் இருந்து நேரடி விமானம் இருக்கிறது, தமிழ் பேசியே சமாளிக்கலாம். ஹேவ்லாக், நீல் என்று பழைய பெயரில் தேடினாலும் கிடைக்கும், 2018ல் சுவராஜ் தீவு, ஷாஹீத் தீவு என்று மாற்றினார்கள். பொங்கல் சமயம் கடலும் அமைதியாக இருக்கும். இங்கே ஒரு நாள்தான் என்றால் கொக்கு சொன்ன துடுப்புப் படகு.

தேங்காய்த்திட்டு_வாசி:

ஏன் எல்லாரும் சிதம்பரம் வரைக்கும் விரட்டுகிறீர்கள்? பாண்டியிலேயே சுண்ணாம்பாறு இருக்கிறதே. நோணாங்குப்பம் படகு இல்லத்தில் டிக்கெட் எடுத்தால் ஆறு வழியாகப் போய் பாரடைஸ் பீச்சில் இறக்கிவிடுவார்கள். மணலில் உட்காரலாம், பந்து விளையாடலாம். குளியல் மட்டும் வேண்டாம், முகத்துவாரத்துப் பக்கம் இழுப்பு அதிகம், நீச்சல் தெரிந்தவரையே கொண்டுபோயிருக்கிறது. திரும்பி வர கடைசிப் படகு எப்போது என்று ஏறும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தீவு இல்லைதான், ஆனால் படகில் போய் மணலில் இறங்கும் திருப்தி கிடைக்கும்.

பாண்டிப்பையன்:

அண்ணன், அக்கா, எல்லாருக்கும் நன்றி. சிங்காரத்தோப்பு அண்ணன் எழுதியதை அப்படியே குரூப்பில் போட்டேன், ஃபைபர் போட் திட்டம் அங்கேயே முடிந்தது. இப்போது கட்சி இரண்டாகி நிற்கிறது. பிரான்ஸ்காரன் பிச்சாவரம் என்கிறான், வாந்திக்காரன் பாரடைஸ் பீச் என்கிறான். பிச்சாவரம் துடுப்புப் படகில் குமட்டுமா? அப்புறம் சாப்பாடு எங்கே?

கிள்ளை_கொக்கு:

குமட்டாது, அலையே இல்லாத தண்ணீர், அலையாத்திக் காடு என்று சும்மாவா சொல்கிறோம். இரண்டு படகிலும் கனமானவர்களை நடுவில் உட்கார வையுங்கள், லைஃப் ஜாக்கெட் பெல்ட்டை இறுக்கிப் போடச் சொல்லுங்கள், சும்மா தோளில் மாட்டிக்கொண்டு உட்காருவது பிரயோஜனமே இல்லை. சாப்பாட்டுக்கு சிதம்பரம் திரும்பிவிடுங்கள். காலையிலேயே போனால் இட்லியும் கத்தரிக்காய் கொத்சுவும் சாப்பிட்டுவிட்டு நேராகப் படகுத்துறைக்கு வரலாம். இறால், நண்டு வேண்டும் என்றால் முடசலோடைப் பக்கம் விசாரியுங்கள், படகு வரும் நேரத்துக்குப் போனால் கரையிலேயே வாங்கலாம்.

சிங்காரத்தோப்புக்காரன்:

வாந்திக்காரத் தம்பியைப் படகின் முன்பக்கம் பார்த்து உட்காரச் சொல்லுங்கள், போனை உள்ளே வைக்கச் சொல்லுங்கள். கொத்சு அளவோடு.