மருத்துவ முகாமுக்கு மாற்றுத்திறனாளிகள் வர என்ன செய்யலாம்? ஆலோசனை தேவை

நண்பர்களே, வணக்கம். மருத்துவ வசதி குறைந்த பகுதிகளில் முகாம் நடத்தும் குழுவில் தன்னார்வலராக இருக்கிறேன். உலகில் ஆறில் ஒருவர் குறிப்பிடத்தக்க குறைபாட்டோடு வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் 2022இல் கூறியது. ஆனால் எங்கள் முகாமுக்கு மாற்றுத்திறனாளிகள் மிகக் குறைவாகவே வருகிறார்கள்.

வாசலில் சாய்தளம் போட்டாயிற்று. அது மட்டும் போதவில்லை. சக்கர நாற்காலியில் வருபவரைப் பரிசோதனைக் கட்டிலுக்குத் தூக்கித்தான் மாற்ற வேண்டியிருக்கிறது. பலருக்கு அது கூச்சம், சிலருக்கு வலி. நிற்க முடியாதவர்களின் எடையை உத்தேசமாகத்தான் குறிக்கிறார்கள். எடையை வைத்து அளவு தீர்மானிக்கும் மருந்துகள் உண்டு என்பதால் எனக்கு இது பெரிய கவலை. காது கேளாத பெண்கள் தங்கள் அந்தரங்கமான உபாதைகளைக்கூட வீட்டார் வழியாகத்தான் மருத்துவரிடம் சொல்கிறார்கள்.

உயரத்தை மாற்றக்கூடிய கட்டில், நாற்காலியோடு எடை பார்க்கும் மேடை இவற்றைக் குறைந்த செலவில் ஏற்பாடு செய்தவர்கள் இருக்கிறீர்களா? சைகை மொழிபெயர்ப்பாளரை வீடியோ அழைப்பில் இணைத்த அனுபவம் யாருக்காவது உண்டா? அப்புறம், இதைப் படிக்கும் மாற்றுத்திறனாளிகள், நாங்கள் கவனிக்காமல் விடுவது எது என்று தயங்காமல் சொல்லுங்கள். உங்கள் பதில்தான் எங்களுக்கு முதலில் வேண்டும்.