குழுவோடு அனுப்புவதா, தனித்துணையோடு போவதா? கூடுதல் ஆதரவு தேவைப்படுவோரின் விடுமுறை: விவாதம்

சாய்தளம்:
துணையாளர்களுடன் ஏற்பாடு செய்யப்படும் குழுச் சுற்றுலாக்கள் பெருகிக்கொண்டே போகின்றன. பத்துப் பன்னிரண்டு மாற்றுத்திறனாளிகள், நான்கு துணையாளர்கள், ஒரு பஸ். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. மூன்று பேருக்கு ஒரு துணையாளர் என்றால், ஒருவர் கழிப்பறைக்குப் போய்வரும் அரைமணி நேரமும் மற்ற இருவரும் பஸ்ஸிலேயே காத்திருக்க வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் எழ வேண்டும், ஒரே நேரத்தில் படுக்க வேண்டும். காப்பகத்தின் நேர அட்டவணையை வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போவது விடுமுறை ஆகாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை (2006), 30ஆம் பிரிவில், பொழுதுபோக்கிலும் சுற்றுலாவிலும் மற்றவர்களுக்குச் சமமான பங்கேற்பைக் கேட்கிறது. எங்கே, எப்போது, யாரோடு என்பதைப் போகிறவரே தீர்மானித்தால்தான் அது சமம். தெரிந்த துணையாளர் ஒருவரோ இருவரோ கூட வர, தனியாகப் போவதே சரி.

ஆழிக்கரை:
"ஒருவரோ இருவரோ" என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்ற இரண்டு பேர் வேண்டும், வயிற்றுக் குழாய் வழியாக உணவு, இரவில் வலிப்பு வரும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பகல் 14 மணி நேரத்துக்கு இரண்டு பேர் என்றால் 28 ஆள்-மணி. இரவு 10 மணி நேரம் ஒருவர் விழித்திருந்தால் இன்னும் 10. ஆக ஒரு நாளுக்கு 38. ஒருவரை 10 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று வைத்தால் நான்கு பேர், ஒரு வாரப் பயணத்தில் ஓய்வு நாளையும் சேர்த்தால் ஐந்து பேர். எந்தக் குடும்பம் ஐந்து பேரை அழைத்துப் போகும்? கடைசியில் அம்மாவும் அப்பாவும்தான் அந்த ஐந்து பேர் வேலையையும் செய்வார்கள். வீட்டில் செய்வதையே, வசதி குறைந்த ஓர் அறையில் செய்வார்கள். குழுவாகப் போனால்தான் இந்த ஆட்களைப் பகிர்ந்துகொள்ள முடியும்.

சாய்தளம்:
பகிர்ந்துகொள்ளும் இடத்தில்தான் ஓட்டை விழுகிறது. மூன்று பேருக்கு இரவில் ஒரே ஒருவர் விழித்திருப்பார் என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். நாற்காலிக்கு மாற்ற இரண்டு பேர் வேண்டும் என்று நீங்களே சொல்கிறீர்கள், அப்படிப்பட்டவரைப் புரட்டிப் படுக்க வைக்கவும் பெரும்பாலும் இரண்டு பேர் தேவைப்படும். அப்படியானால் இரவு 2 மணிக்கு என்ன நடக்கும்? தூங்குகிற இன்னொரு துணையாளரை எழுப்புவார்கள். மறுநாள் அவர்தான் வண்டி ஓட்டுவார். அல்லது எழுப்பச் சங்கடப்பட்டு, புரட்டாமலே விட்டுவிடுவார்கள். வால் எலும்பின் மேல் தோல் சிவந்து, விரலால் அழுத்தினாலும் வெளிறாத நிலைக்கு, அதாவது படுக்கைப்புண்ணின் தொடக்கத்துக்கு, போக ஒரே இரவு போதும். தோல் நிறம் அடர்ந்தவர்களிடம் இந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், சூட்டையும் தடிப்பையும் தொட்டுத்தான் பார்க்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த துணையாளருக்கு இதை யார் சொல்லித் தருகிறார்கள்?

வெண்கொக்கு:
இருவரும் போய்ச் சேர்ந்த பிறகு நடப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். பல பயணங்கள் விமான நிலையத்திலேயே கெட்டுப்போகின்றன. அதற்குக் குழுவா தனியா என்ற வித்தியாசமே இல்லை.

முதலில் உதவிக் குறியீடு, அதாவது பயணிக்கு எந்த அளவு உதவி தேவை என்று டிக்கெட்டில் பதிவாகும் எழுத்துகள். டபிள்யூ.சி.எச்.ஆர். என்றால் படி ஏறுவார், நெடுந்தூரம் நடக்க மாட்டார். டபிள்யூ.சி.எச்.எஸ். என்றால் படி ஏற மாட்டார், விமானத்துக்குள் நடப்பார். டபிள்யூ.சி.எச்.சி. என்றால் இருக்கை வரை கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். டிக்கெட் போடுகிறவர் வெறுமனே "வீல்சேர்" என்று சொன்னால் பெரும்பாலும் முதல் குறியீடுதான் பதிவாகும். அப்புறம் விமான வாசலில் தூக்க ஆள் இருக்க மாட்டார்கள். குறைந்தது 48 மணி நேரம் முன்பே சரியான குறியீட்டை எழுத்தில் உறுதிசெய்து வாங்குங்கள்.

அடுத்தது மோட்டார் வீல்சேர். போயிங் 737-இன் சரக்குக் கதவு உயரம் சுமார் 85 செ.மீ.தான். முதுகுப்பலகை மடியாத நாற்காலி நிமிர்ந்தபடி நுழையாது, பக்கவாட்டில் சாய்த்துத் தள்ளுவார்கள். ஜாய்ஸ்டிக் உடைவதும் நாற்காலிச் சட்டகம் வளைவதும் அப்போதுதான். மடித்த உயரம், அகலம், எடை, பேட்டரி வகை நான்கையும் முன்கூட்டியே கொடுத்து, எந்த ரக விமானம் என்று கேளுங்கள். ஜாய்ஸ்டிக், தலைதாங்கி, பக்கத்தாங்கிகள், மெத்தை எல்லாவற்றையும் கழற்றிக் கையோடு உள்ளே கொண்டுபோங்கள். எங்கே பிடித்துத் தூக்கலாம், எங்கே தூக்கக் கூடாது என்று படத்தோடு ஒரு லேமினேட் அட்டையை நாற்காலியில் கட்டுங்கள். மோட்டாரை விடுவித்துக் கையால் தள்ளும் நெம்புகோல் எங்கே இருக்கிறது என்பதும் அதில் இருக்க வேண்டும். இன்னொன்று: அந்த நெம்புகோல் விடுபட்டிருக்கும்போது பிரேக் பிடிக்காது. நாற்காலி திரும்பக் கைக்கு வந்ததும், ஆளை உட்கார வைக்கும் முன் அதைப் பழைய நிலைக்குத் தள்ளிப் பாருங்கள். இதை மறந்து சாய்தளத்தில் விட்டால் நாற்காலி ஆளோடு உருண்டுவிடும்.

ஆழிக்கரை:
லித்தியம் பேட்டரிக்கு வரம்பு உண்டே, அதையும் சொல்லிவிடுங்கள்.

வெண்கொக்கு:
கழற்றி எடுக்கிற வகை என்றால் ஒரு பேட்டரிக்கு 300 வாட்-மணி வரை. இரண்டு பேட்டரி உள்ள நாற்காலி என்றால் ஒவ்வொன்றும் 160 வரை. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி. 24 வோல்ட், 12 ஆம்பியர்-மணி என்றால் 288, போகும். அதே 24 வோல்ட்டில் 20 ஆம்பியர்-மணி என்றால் 480, கழற்றக்கூடிய வகையாக இருந்தால் ஏற்ற மாட்டார்கள். கழற்றிய பேட்டரி பயணியோடு கேபினுக்குள்தான் வர வேண்டும், முனைகளை மூடியிருக்க வேண்டும்.

நாற்காலி உடைந்து வந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே புகார் எண் வாங்குங்கள். சர்வதேச விமானப் பயணங்களுக்கான 1999 மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சேதமடைந்த சாமானுக்கு 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். அதே உடன்படிக்கையின்படி சாமானுக்கான இழப்பீட்டுக்கு உச்சவரம்பு உண்டு, பல மோட்டார் நாற்காலிகளின் விலை அதைத் தாண்டிவிடும். சாமானை ஒப்படைக்கும்போதே அதன் மதிப்பைச் சிறப்பு அறிவிப்பாக எழுதிக் கொடுத்தால் வரம்பை உயர்த்தலாம், கட்டணம் கேட்கலாம். இதைப் பலர் செய்வதே இல்லை.

ஆழிக்கரை:
இவ்வளவையும் ஒரு குடும்பம் தனியாகத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டுமா? ஆண்டு முழுக்க இதையே செய்கிற ஏற்பாட்டாளருக்கு இது பழக்கம். அழுத்தம் குறைக்க இருக்கையில் போட்டு உட்காரும் காற்றறை மெத்தையை எடுத்துக்கொள்ளுங்கள். விமானத்துக்குள் அழுத்தம் கிட்டத்தட்ட 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதுபோல் குறையலாம். மெத்தைக்குள் இருக்கும் காற்று விரியும், உட்கார்ந்திருப்பவர் அமிழாமல் மேலே நிற்பார், எலும்பு முனையில் அழுத்தம் கூடும். மேலே போனதும் கொஞ்சம் காற்றை விட வேண்டும், இறங்கியதும் திரும்ப அடிக்க வேண்டும், பம்ப் கையில் இருக்க வேண்டும். அனுபவம் உள்ள துணையாளர் இதைக் கேட்காமலே செய்வார்.

மணிப்புறா:
எல்லாரும் உடம்பைப் பத்தியே பேசுறீங்க. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளவங்களுக்குக் குழுப் பயணம் பல நேரம் தண்டனைதான். பன்னிரண்டு புது ஆளுங்க, பஸ்ஸுக்குள்ள சத்தம், நாளுக்கொரு துணையாளர், கடைசி நிமிஷத்துல மாறுற திட்டம். மூணாம் நாள் ஒருத்தர் தலையை மோதிக்கிட்டா "நடத்தைப் பிரச்சினை"ன்னு குறிப்பெழுதுவாங்க. பிரச்சினை அவர்கிட்ட இல்லீங்க, அட்டவணைல இருக்கு.

இவங்களுக்கு விமானத்துல டி.பி.என்.ஏ.ன்னு தனிக் குறியீடு இருக்கு. வீல்சேர் வேணாம், புரிஞ்சுக்கவும் வழி காட்டவும் ஆள் வேணும்னு அர்த்தம். இது தெரியாம வீல்சேர் கேட்டு வாங்கி, நடக்கிறவரை அதுல உட்கார வெச்சுத் தள்ளிட்டுப் போறாங்க. கிளம்புறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே படங்களை வெச்சு வரிசை காட்டணும்: வாசல், பரிசோதனைக் கதவு, காத்திருக்கிற இடம், இருக்கை. பரிசோதனையில கையில இருக்குற பொருளை வாங்கி பெல்ட்ல போடுவாங்க, அது மறுபக்கம் திரும்ப வரும்னு தனியா ஒரு படம் இருக்கணும். அந்த ஒரு நிமிஷம்தான் நிறைய பேருக்கு உடையிற இடம்.

சாய்தளம்:
மணிப்புறா சொல்வது முழுக்கச் சரி. போகிறவரைக் கேட்டார்களா என்பதுதான் என் கேள்வியும். பேச்சு வராதவரிடம்கூட இரண்டு இடங்களின் படத்தைக் காட்டிக் கேட்கலாம், கண்ணால் சொல்லுவார்.

ஆழிக்கரை:
கேட்க வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் "தனியாகப் போனால் எல்லாம் சரியாகும்" என்பதை ஏற்க மாட்டேன். தனியாகப் போகிறவர் விடுதியில் போய் மாட்டிக்கொள்வதைப் பாருங்கள். "மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற அறை" என்று போட்டிருப்பார்கள். தூக்கும் கருவியின் கால்கள் கட்டிலுக்கு அடியில் நுழையக் குறைந்தது 15 செ.மீ. இடைவெளி வேண்டும். தரையோடு பெட்டிபோல் அடைத்த கட்டிலாக இருந்தால் கருவி இருந்தும் பயனில்லை. நாற்காலி திரும்ப 150 செ.மீ. விட்டம் வேண்டும், கட்டிலை நகர்த்தினால்தான் அது கிடைக்கும் என்பார்கள். வாடகைக்கு எடுக்கும் கருவி கிளிப் வகை, கையில் இருக்கும் ஸ்லிங் (ஆளைத் தாங்கும் துணி) வளைய வகை என்றால் இரண்டையும் சேர்த்து மாட்டவே கூடாது, ஆள் விழுந்துவிடுவார். அதனால் விடுதிக்காரரிடம் "வசதி இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். கட்டிலுக்கு அடியில், கழிப்பறை இருக்கைக்குப் பக்கத்தில், குளியலறை வாசலில் அளவுநாடாவை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்தால் அந்த இடம் வேண்டாம்.

வெண்கொக்கு:
மருந்துப் பை விஷயத்தையும் சேர்க்கிறேன். எல்லாம் கைப்பையில்தான், சரக்குப் பையில் ஒரு மாத்திரைகூட வேண்டாம். வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் கன்னத்துக்குள் விடும் மைடசோலாம் சில நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. மருத்துவர் கடிதத்தில் வணிகப் பெயர் மட்டும் போதாது, மூலப்பெயரும் அளவும் வேண்டும், சில இடங்களுக்கு முன் அனுமதியும் வேண்டும். வயிற்றுக் குழாய் உள்ளவருக்கு அதே அளவில் மாற்றுக் குழாய் ஒன்று கட்டாயம். குழாய் வெளியே வந்துவிட்டால் சில மணி நேரத்தில் துளை சுருங்கத் தொடங்கிவிடும்.

சாய்தளம்:
ஆழிக்கரை, ஒரே ஒரு கேள்வி. குழுவில் போன ஒருவர் மூன்றாம் நாள் "வீட்டுக்குப் போக வேண்டும்" என்கிறார். அழைத்துப் போக ஒரு துணையாளர் கிளம்பினால், மிச்சம் பேருக்கு ஆள் குறையும். அதனால் "சரியாகிவிடும்" என்று அவரைச் சமாதானப்படுத்தி வைத்துக்கொள்வார்கள். இதற்கு உங்களிடம் என்ன பதில்?

ஆழிக்கரை:
நியாயமான கேள்வி. கணக்கில் வராத கூடுதல் துணையாளர் ஒருவரும் தனி வண்டியும் இல்லாத ஏற்பாட்டாளரிடம் பதிவு செய்யவே கூடாது. திரும்பி வரும் செலவு யாருடையது என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். இரவில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள், அவர்கள் பகலில் வண்டி ஓட்டுவார்களா என்பதும் அதே தாளில் வேண்டும். இதற்கு மேல் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரே ஓர் இரவு, அதே துணையாளர்களோடு தங்கிப் பார்க்கலாம். என்ன மறந்தோம் என்பது அந்த ஓர் இரவில் தெரிந்துவிடும்.

சாய்தளம்:
அந்த ஓர் இரவு முடிந்ததும் "போகலாமா" என்று அவரிடம் மறுபடி கேட்பீர்கள் என்றால், அந்தக் குழுவை நான் எதிர்க்கவில்லை. மூன்று பேருக்கு ஒருவர் என்கிற பஸ்ஸை எதிர்ப்பேன்.

மணிப்புறா:
கேக்கும்போது "வேண்டாம்" படத்தையும் கையில கொடுங்க. நிறைய பேர் "ஆமா" படத்தை மட்டும் காட்டிட்டு, சம்மதம் வாங்கிட்டோம்னு எழுதிடுறாங்க.