‘சோங் ஃபோர் மை ஃபாதர்’: ஒரே இசைத்தட்டில் இரண்டு குழுக்களா?

ஹட்டன் கீபோர்ட்:
அமெரிக்க ஜாஸ் பியானோக் கலைஞர் ஹோரஸ் சில்வரின் இந்த இசைத்தட்டை அண்மைக் காலமாகக் கேட்டு வருகிறேன். தேவாலயப் பாடகர் குழுவிலும், கலியாண வீடுகளில் போர்த்துக்கேயர் வழி வந்த நமது ஆட்டப் பாட்டான பைலாவுக்கும் வாசிக்கும் எனக்குத் தலைப்புப் பாட்டு உடனே பிடிபட்டது. ஆனால் ‘கல்கட்டா கியூட்டி’, ‘லோன்லி வுமன்’ ஆகிய இரண்டும் மற்ற நான்கோடு ஒட்டாமல், வேறு யாரோ வாசித்ததைப் போல ஒலிக்கின்றன. இது என் காதின் கோளாறா? சில்வரின் தந்தை போர்த்துக்கேயர் ஆண்ட கேப் வெர்டே தீவுகளைச் சேர்ந்தவராமே. அப்படியானால் இந்தத் தாளத்துக்கும் நமது பைலாவுக்கும் உறவு உண்டா?

பண்டாரவளைக் கேட்பாளர்:
உங்கள் காது சரியாகவே கேட்டிருக்கிறது, தம்பி. நீங்கள் சொன்ன இரண்டும் 1963 ஒக்டோபரில், புளூ மிட்செல், ஜூனியர் குக், ஜீன் டெய்லர், ரோய் புரூக்ஸ் ஆகியோர் இருந்த பழைய குழுவுடன் பதிவானவை. மற்ற நான்கும் ஓராண்டு கழித்து, 1964 ஒக்டோபர் 26 அன்று, ட்ரம்பெட்டில் கார்மெல் ஜோன்ஸும் டெனர் சாக்சபோனில் ஜோ ஹென்டர்சனும் சேர்ந்த புதிய குழுவுடன் பதிவானவை. இரண்டு பதிவுகளையும் செய்தவர் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர். ‘லோன்லி வுமன்’ பியானோ, பேஸ், டிரம்ஸ் மட்டும் கொண்டது என்பதாலும் அது தனித்து நிற்கிறது. ‘தி கிக்கர்’ ஹென்டர்சன் எழுதியது. ஹார்ட் பொப் எனும் விறுவிறுப்பான ஜாஸ் பாணியின் வேகத்தை அறிய அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும்.

நுவரெலியாவிலிருந்து:
பைலா உறவைப் பற்றி அவசரப்பட வேண்டாம். பைலா ஆறு-எட்டுத் தாளத்தில் துள்ளுவது. தலைப்புப் பாட்டோ நான்கு அடிகளில் நடக்கும், பிரேசிலின் பொசா நோவா இசைச் சாயல் கொண்டது. 1964இல் பிரேசில் சென்று வந்த சில்வர், அங்கே கேட்ட தாளத்தையும், தந்தையும் அவரது நண்பர்களும் விருந்துகளில் வாசித்த கேப் வெர்டே நாட்டுப்பாடல்களின் நினைவையும் சேர்த்தே இதை அமைத்தார். இரண்டுக்கும் போர்த்துக்கேயத் தொடர்பு இருப்பது உண்மையே. அதற்கு மேல் நான் எதையும் சொல்ல மாட்டேன். உறையில் தொப்பியுடன் இருப்பவர் அந்தத் தந்தை ஜோன் டவாரெஸ் சில்வாதான்.

பதுளை, பியானோ கற்பிப்பவர்:
வாசிக்க விரும்பினால் இடது கையிலிருந்து தொடங்குங்கள். எஃப் மைனரில் தொடங்கி ஈ ஃப்ளாட், டி ஃப்ளாட், சி என்று இறங்கி மீண்டும் எஃப்புக்கு வரும் அந்த நடையில்தான் பாட்டு முழுவதும் நிற்கிறது. எட்டு அளவைகளை (bar) இருமுறை வாசித்து, வேறான எட்டை ஒருமுறை சேர்த்தால் 24 அளவைகள் ஆகும். பைலாவில் வலது கையை நிரப்பிப் பழகியவர்களுக்கு இங்கே விட்டுவிட்டு வாசிப்பது கடினமாக இருக்கும். சில்வரின் தனிவாசிப்பில் சிறிய சொற்றொடர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன, நடுவே மௌனமும் இருக்கிறது. சோல் ஜாஸ் எனும் இந்த எளிய, உணர்ச்சி மிக்க ஜாஸ் பாணியின் சுவை பெரும்பாலும் அந்தச் சிக்கனத்திலேயே இருக்கிறது. அது கைவந்த பின்னரே ஹென்டர்சனின் தனிவாசிப்பைத் தொடுங்கள்.