இஞ்சினுக்கு மட்டும் பெயிண்ட் அடிச்சிருக்காங்க, டெண்டர் என்ன பாவம் பண்ணுச்சு?

தண்டவாளப் பேரன்:
எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப ஒரு ஸ்டேஷன் வாசல்ல மேடை கட்டி நிறுத்தி வச்சிருக்கற நீராவி இஞ்சின் ஒன்ன பாத்தேன். எந்த ஊருன்னு சொல்லல, அங்க இருக்கறவங்கள திட்டறதுக்காக இத எழுதல. இஞ்சினுக்கு பளபளன்னு கருப்பு பெயிண்ட், சக்கர விளிம்புல வெள்ளைக் கோடு, புள்ளைங்க ஏறி நின்னு போட்டோ எடுக்குதுங்க. பின்னாடி போய் பாத்தா டெண்டர் பக்கத்தகட்டுல என் உள்ளங்கை நுழையற அளவுக்கு ஓட்டை, கரி கொட்டற தொட்டிக்குள்ள இடுப்பு உயரத்துக்கு ஆலங்கன்னு ஒன்னு, தண்ணி ஊத்தற வாய்க்கு மூடியே இல்ல, உள்ள டார்ச் அடிச்சு பாத்தா கொசுப்புழு நெளியுது. பக்கத்துல நின்ன ஒரு பெரியவர், அடுத்த தடவை இத வெட்டி எடுத்துட்டு இஞ்சின மட்டும் வச்சுக்கப் போறாங்கன்னு பேசிக்கறாங்க தம்பின்னாரு. ஊர்லேந்து சிங்கப்பூர் திரும்பற வரைக்கும் எனக்கு அதே நெனப்பு. வெட்டலாமா? என்னைக் கேட்டா கூடாது. நீங்க என்ன சொல்றீங்க?

மாலா செங்காங்:
தம்பி, டெண்டர்னா கவர்மெண்ட் டெண்டர்தான் எனக்குத் தெரியும், இது என்னது?

தண்டவாளப் பேரன்:
அக்கா, இஞ்சினுக்குப் பின்னாடியே ஒட்டிக்கிட்டு வருமே கரியும் தண்ணியும் சொமக்கற வண்டி, அதான். கீழயும் சுத்தியும் தண்ணித் தொட்டி, மேல முன்பக்கம் சரிவா கரித்தொட்டி. ஒரு கிலோ கரி எரிஞ்சா ஏறக்குறைய 6, 7 கிலோ தண்ணி ஆவியாகும், அதனால கரி தீர்றதுக்கு ரொம்ப முன்னாடியே தண்ணி தீந்துரும், வழி பூரா நின்னு நின்னு ஊத்திக்கணும். எங்க தாத்தா மலாயா ரயில்வேல ஃபயர்மேன். இங்க சிங்கப்பூர்ல தஞ்சோங் பகார் ஸ்டேஷன் 1932ல தொறந்தது, அவரு யுத்தம் முடிஞ்சு வேலைக்குச் சேந்தாரு. முதல்ல மலாயாவுலயே பத்து ஆராங்ங்கற ஊர்ச் சுரங்கத்துக் கரி, அப்புறம் இஞ்சினையெல்லாம் எண்ணெய்க்கு மாத்திட்டாங்க. டெண்டர் மேல ஏறி நின்னு தண்ணிக் குழாயோட தோல் பைய வாய்க்குள்ள விட்டு புடிச்சுக்கணும், டிரைவர் ஒரு முழம் தள்ளி நிறுத்திட்டா குழாய் எட்டாது, ரெண்டு பேருக்கும் வாய்ச்சண்டை நடக்கும்னு சொல்லுவாரு. இஞ்சின் டிரைவரோடது, டெண்டர்தாண்டா ஃபயர்மேனோடதுன்னுவாரு. அவருக்கு வேலை செய்யற இடமே அதுதான்.

ஷிப்யார்ட் செந்தில்:
தம்பி கோவிச்சுக்காதீங்க, நான் வெட்டலாம்னு சொல்ற கட்சி. 22 வருஷமா துவாஸ்ல கப்பல் டேங்க் ரிப்பேர் வேலை பாக்கறேன். உள்ளங்கை நுழையற ஓட்டைன்னா அந்த ஓட்டையச் சுத்தி ரெண்டடிக்கு தகடு காகிதமாயிருக்கும், சுத்தியல்ல ஒரு தட்டு தட்டுனா தெரியும், நல்ல தகடு மணி மாதிரி கணீர்னும், செத்த தகடு சொத்னு சத்தம் வரும். கரில கந்தகம் இருக்கு, மழைத்தண்ணி பட்டா அமிலமாகி தரைத்தகட்டையே தின்னுரும், ஓடற காலத்துலயே அந்தத் தகட மாத்திக்கிட்டுதான் இருந்திருப்பாங்க. அதுக்கு மேல பெயிண்ட் அடிக்கறது பொணத்துக்குப் பொட்டு வைக்கற மாதிரி. தொட்டிய வெட்டி எடுத்துட்டு கீழ இருக்கற சட்டம், சக்கரம், ஆக்சில்பாக்ஸ், பிரேக் கம்பி எல்லாத்தையும் ஓடற இஞ்சின் ஏதாச்சும் ஒன்னுக்குக் குடுங்க. அதுதான் அதுக்கு மரியாதை. ஒரு இஞ்சின் ஓடும்ல.

யீஷூன் குமரன்:
செந்தில் அண்ணே சொல்றதுதான் சரி, நான் இன்னும் ஒரு படி மேல போறேன். டெண்டருங்கறது எப்பவுமே நிரந்தரமா ஒரு இஞ்சினோட இருந்ததே கிடையாது. ஒர்க்‌ஷாப்புக்கு இஞ்சின் வந்தா பாய்லர் வேலை பல வாரம் இழுக்கும், டெண்டர் சீக்கிரமே ரெடியாயிரும், அதனால தயாரா நிக்கற இன்னொரு டெண்டர மாட்டி அனுப்பிருவாங்க. நீங்க பாத்த டெண்டர் அந்த இஞ்சினோட பொறந்ததுன்னு என்ன நிச்சயம்?
பிரிட்டன்ல பாருங்க, பழைய டெண்டர் சட்டத்து மேல பனி ஒதுக்கற கலப்பைய கட்டி ஓட்டுனாங்க, களைக்கொல்லி மருந்து தெளிக்கற ரயிலுக்கு தண்ணித் தொட்டியாக்குனாங்க. அமெரிக்காவுல யூனியன் பசிபிக் கம்பெனியோட பிக் பாய் 4014 இஞ்சின் 2019ல மறுபடி ஓட ஆரம்பிச்சப்ப சொந்த டெண்டர் பத்தாம பின்னாடி கூடுதலா தண்ணி டெண்டரையும் இழுத்துக்கிட்டுதான் ஓடுச்சு. வேலை செஞ்ச சாமான் வேலை செஞ்சே சாகட்டும், ஆலங்கன்னு வளக்கற தொட்டியா நிக்க வேணாம்.

தண்டவாளப் பேரன்:
குமரன், நீங்களே ரயில் ரசிகர், நீங்களே இப்படி சொல்லலாமா. வேல்ஸ்ல பாரின்னு ஒரு ஊரு, அங்க ஒரு பழைய இரும்புக்கடைலேந்து 213 இஞ்சின ஆர்வலருங்க காப்பாத்துனாங்கன்னு உலகமே கொண்டாடுது. ஆனா அங்க இருந்த டெண்டர்ல பல என்னாச்சு? இரும்பாலைக்கு வித்துட்டாங்க, தொட்டிய வெட்டிப் போட்டுட்டு அடிச்சட்டத்த மட்டும் ஆலைக்குள்ள இரும்புப் பாளம் இழுக்கற வண்டியாக்கிட்டாங்க. அப்புறம் இஞ்சின வாங்குன ஆளுங்க டெண்டர் இல்லாம வருஷக்கணக்கா அலைஞ்சாங்க, புதுசா கட்டறதுக்கு வீடு வீடா நன்கொடை கேட்டாங்க. அன்னிக்கு யாரோ ஒருத்தர் இதெல்லாம் வெறும் தொட்டிதானேன்னு நெனச்சதோட விலை அது.

யீஷூன் குமரன்:
ஆனா கட்டிட்டாங்கல்ல! அதத்தான் நானும் சொல்றேன். 2008ல டொர்னாடோன்னு முழுக்க முழுக்க புது நீராவி இஞ்சினே கட்டுனாங்க, அதோட டெண்டர்ல ஓடும்போதே தண்டவாள நடுவுல உள்ள தொட்டிலேந்து தண்ணி அள்ளற பழைய கருவிய வைக்கவே இல்ல, ஏன்னா அந்தத் தொட்டிங்க இப்ப இல்ல. கரி இடத்தக் கொறச்சு தண்ணிய 6,200 கேலனா கூட்டிட்டாங்க. இன்னிக்குத் தேவைக்கு ஏத்த டெண்டர். பழசு அப்படியே இருக்கணும்னு அடம் புடிச்சிருந்தா அது மெயின் லைன்ல தாகத்துல நின்னிருக்கும்.

தண்டவாளப் பேரன்:
சரி, அப்ப ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன எடுத்துக்கங்க. 1928ல லண்டன்லேந்து எடின்பரோ வரைக்கும் 392 மைல் எங்கயும் நிக்காம ஓட்டணும்னு டெண்டருக்குள்ள ஒரு பக்கமா 5 அடி உயரம், 18 அங்குல அகலத்துல ஒரு சந்து விட்டாங்க, பாதி வழில புது டிரைவரும் ஃபயர்மேனும் பெட்டிலேந்து அந்த சந்துக்குள்ள குனிஞ்சு போய் ஓடற இஞ்சின்லயே ஆள் மாத்திக்குவாங்க. 1966ல வழில தண்ணி பிடிக்கற வசதியெல்லாம் கொறஞ்சு போனதும் அத வச்சிருந்த ஆலன் பெக்லர் பின்னாடி ரெண்டாவதா ஒரு டெண்டர மாட்டுனாரு, தண்ணிக்குன்னே. அது எதுலேந்து வந்துச்சு? அதே மாதிரி சந்து வச்ச பழைய டெண்டர், யாரோ வெட்டாம விட்டு வச்சதால கெடைச்சது. நீங்க சொல்ற மறுபயனுக்கே முழுசா ஒன்னு மிச்சம் இருக்கணுமா இல்லையா?

ஷிப்யார்ட் செந்தில்:
இது நியாயமான பேச்சு, ஒத்துக்கறேன். ஆனா அது நல்லா இருந்த டெண்டர். நீங்க பாத்தது?

வாணி கிளமெண்டி:
ரொம்ப நேரமா படிச்சுக்கிட்டே இருக்கேன், எல்லாரும் இங்கிலாந்து அமெரிக்கான்னே பேசறீங்க. நம்ம ஆளுங்க சம்பந்தப்பட்ட ஒரு டெண்டர் பத்தி சொல்றேன். சி56ன்னு ஒரு ஜப்பான் இஞ்சின். சின்ன கிளைப் பாதைல கடைசில இஞ்சின திருப்பற மேடை இருக்காது, பின்பக்கமாவே ஓட்டிட்டு வரணும், அதுக்காக டெண்டரோட ரெண்டு மேல் தோளையும் உள்வாங்கி வெட்டுன மாதிரி செஞ்சிருப்பாங்க, டிரைவர் தலைய நீட்டி பின்னாடி பாக்கறதுக்கு. ரெண்டாம் உலக யுத்தத்துல இதுல 90 இஞ்சின மீட்டர் கேஜுக்கு, அதாவது ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்துக்கு மாத்தி சயாம், பர்மா பக்கம் அனுப்புனாங்க. சயாம்லேந்து, அதாவது இப்ப தாய்லாந்துலேந்து, பர்மாவுக்கு ஜப்பான்காரங்க போட்ட சயாம் மரண ரயில்பாதை, 415 கிலோமீட்டர். அத போடறதுக்கு மலாயா தோட்டத்துலேந்து நம்ம தமிழ் ஆளுங்கள லாரிலயும் கூட்ஸ் வண்டிலயும் ஏத்திக்கிட்டு போனாங்க, பல்லாயிரம் பேர் திரும்பல.
அதுல சி56 31ம் நம்பர் இஞ்சின, அந்தப் பாதைல வேலை பாத்த முன்னாள் ஜப்பான் சிப்பாய்ங்க காசு சேத்து 1979ல ஊருக்குக் கொண்டு போயிட்டாங்க. இன்னிக்கு தோக்கியோவுல யுத்தத்துல செத்த ஜப்பான் சிப்பாய்ங்களுக்கான யாசுகுனி கோயில் மியூசியம் வாசக்கூடத்துல டெண்டரோட பளபளன்னு நிக்குது. நான் நேர்ல போய் பாத்தேன். வெட்டுன தோள் அப்படியே இருக்கு, ஒரு சொட்டு துரு கெடையாது. அந்த டெண்டர் முன்னாடி நின்னப்ப எனக்கு பேச்சே வரல. அவங்க இரும்ப அவங்க கதையோட காப்பாத்திட்டாங்க. நம்ம ஆளுங்களுக்குப் பேர் எழுதுன கல்லறை கூட பெரும்பாலும் இல்ல. அதனால செந்தில் அண்ணே, ஓட்டையோ ஒடைசலோ, டெண்டர வெட்டுங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி அதுக்குப் பின்னாடி யார் கதை இருக்குன்னு ஒரு தடவை கேளுங்க.

ஷிப்யார்ட் செந்தில்:
வாணிம்மா, படிச்சுட்டு கொஞ்ச நேரம் போன கீழ வச்சுட்டேன். எங்க அம்மாவோட சித்தப்பா ஒருத்தர் அப்படிப் போனவருதான், போனது மட்டும்தான் தெரியும். ஆனா ஒன்னு மனசுல பட்டத சொல்றேன். அந்த இரும்பு பளபளன்னு நிக்கறதால நம்ம சித்தப்பா கதை அங்க யாருக்கும் தெரிஞ்சிருச்சா? இல்லியே. கதைய இரும்பு தானா சொல்லாது, ஆளுங்கதான் சொல்லணும். இங்க கதையே பாருங்க, 2011 ஜூன் 30 ராத்திரி ஜொகூர் சுல்தானே தஞ்சோங் பகார்லேந்து கடைசி ரயில ஓட்டிட்டுப் போனாரு, அப்புறம் தண்டவாளத்த பெரும்பாலும் பேத்துட்டாங்க, 24 கிலோமீட்டருக்கு இப்ப நடைபாதை. ஆனா ரயில்வே தொழிலாளிங்க குவீன்ஸ்வே பக்கம் வச்ச முனியாண்டி, காமன்வெல்த் டிரைவுக்கு மாறி ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலா இன்னிக்கும் இருக்காரு. அங்க டெண்டரும் இல்ல தண்டவாளமும் இல்ல, ஆனா கதை இருக்கு.

தண்டவாளப் பேரன்:
அண்ணே, அந்தக் கோயிலுக்கு எங்க தாத்தாதான் என்னைக் கூட்டிக்கிட்டு போவாரு. நீங்க சொன்னது நெஞ்சுல தச்சுது, ஆனா ஒத்துக்க முடியல. இருக்கறவங்க இருக்கற வரைக்கும்தான் ஆளுங்க கதை சொல்லுவாங்க. ஊர்ல அந்த டெண்டர்ல ஏறி கரித்தொட்டி முன்வாய்ல கால் வச்சேன், ஃபயர்மேன் சவள் உரசி உரசி அந்த இடத்துத் தகடு நடுவுல மட்டும் குழிஞ்சு வழவழன்னு இருக்கு, வலது கை ஆளுங்க அள்ளுன பக்கம் கொஞ்சம் அதிகமாவே தேஞ்சிருக்கு. சுத்தி எல்லாம் துரு, அந்தக் குழி மட்டும் கை வச்சா வழுக்குது. தாத்தா சொன்னத ஆயிரம் தடவை கேட்டிருக்கேன், அத தொட்டப்பதான் ஒரு ஷிஃப்டுக்கு எத்தன தடவை குனிஞ்சு நிமிந்திருப்பாங்கன்னு என் முதுகுக்குப் புரிஞ்சுது. அத வெட்டிட்டா நீங்க எனக்கு எத குடுப்பீங்க?

மாலா செங்காங்:
இத படிக்கறப்ப எனக்கே அந்தத் தகட தொட்டுப் பாக்கணும் போல இருக்கு தம்பி.

யீஷூன் குமரன்:
உணர்ச்சிய மதிக்கறேன். ஆனா நம்ம மேட்டுப்பாளையம், குன்னூர் பாதைல இன்னிக்கும் நீராவி ஓடுதுல்ல, அந்த எக்ஸ் கிளாஸ் இஞ்சினுக்கு டெண்டரே கிடையாது, தண்ணித் தொட்டி இஞ்சின் மேலயே இருக்கு. பொன்மலை ஒர்க்‌ஷாப்ல அதுக்குப் புது இஞ்சினே கட்டி விட்டாங்க, அதனாலதான் அது உயிரோட இருக்கு. ஓடறதுதான் காப்பாத்தறது, நிறுத்தி வைக்கறது இல்ல. என் முடிவு இதுதான், மாத்திக்கப் போறதில்ல. வேணும்னா அந்தக் குழிஞ்ச தகட மட்டும் சதுரமா வெட்டி எடுத்து ஒரு கூடத்துல வைங்க, மிச்சத்த ஓடற வண்டிக்குக் குடுங்க.

தண்டவாளப் பேரன்:
தகட தனியா எடுத்து செவுத்துல மாட்டுனா அது யார் நின்ன இடம்னு தெரியாது குமரன். முன்னாடி பாய்லர் வாய், பின்னாடி கரி, நடுவுல ஒரு ஆள் திரும்பற இடம். அந்தத் தூரத்துலதான் அதுக்கு அர்த்தம் இருக்கு.

வாணி கிளமெண்டி:
இத நானும் அப்படியே வழிமொழியறேன்.

ஷிப்யார்ட் செந்தில்:
சரிப்பா, ராத்திரி பூரா யோசிச்சேன். முழுசா வெட்டுங்கன்னு இனிமே சொல்ல மாட்டேன். அந்தக் குழிஞ்ச தகடு வழவழன்னு இருக்குன்னா அங்க துரு இன்னும் இரும்பத் தின்னலன்னு அர்த்தம், சாகல. ஆனா இதே மாதிரி விட்டா நாலஞ்சு மழைக்காலத்துல நீங்க வெட்டவே தேவையில்ல, அதுவே உக்காந்துரும், அதனால சண்டைய நிறுத்திட்டு காரியத்தப் பாருங்க. மறுபடி ஊருக்குப் போறப்ப பொறுப்புல இருக்கறவங்ககிட்ட அனுமதி கேட்டுட்டு முதல்ல தண்ணிய வெளியேத்துங்க. தொட்டிக்குள்ள தண்ணி ஆடாம இருக்க குறுக்க வாஷ் பிளேட் வச்சிருப்பாங்க, கப்பல்லயும் அப்படித்தான், அதுக்குக் கீழ தண்ணி போற வழி துருவுலயும் சகதிலயும் அடைச்சிருந்தா ஒவ்வொரு அறையும் தனித்தனி குட்டையா நிக்கும், ஒரு எடத்துல மட்டும் தொறந்து விட்டா போதாது, ஒவ்வொரு அறைலயும் தாழ்வான மூலைய பாத்து வழி பண்ணணும். வாய்க்கு ஒரு மூடி. மேல தகரக்கூரை. பெயிண்ட் கடைசிலதான்.

தண்டவாளப் பேரன்:
ரொம்ப நன்றிண்ணே. தீபாவளிக்குப் போறேன். ஆலங்கன்ன நானே புடுங்கிரட்டுமா?

ஷிப்யார்ட் செந்தில்:
ஐயோ புடுங்காதீங்க! வேர் ரிவெட் சந்துக்குள்ள போயிருக்கும், இழுத்தா தகட்டையும் சேத்து பேத்துக்கிட்டு வரும். அடில அறுத்து விடுங்க, துளிர்க்கத் துளிர்க்க கிள்ளி விடச் சொல்லுங்க, வேர் காஞ்சு சுருங்குனதும் கொஞ்சம் கொஞ்சமா எடுக்கலாம். போறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க, தகடு தட்டிப் பாக்கற சின்ன சுத்தியல் என்கிட்ட ஒன்னு இருக்கு, தர்றேன்.