கண்ணாடியோடு ஒட்டிப்போன பழைய போட்டோ: வழி சொல்லுங்கள்

வணக்கம். கணியம்பாடி பக்கம் ஊர்ப்புற நூலகம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டாம் உலகப்போருக்குப் போய்வந்த ஒரு ராணுவ வீரரின் குடும்பம், அவருடைய பதக்கங்களையும் கடிதங்களையும் ஒரு போட்டோவையும் எங்களிடம் கொடுத்திருக்கிறது. ஜூலை 10 வேலூர்ப் புரட்சி நாளன்று காட்சிக்கு வைக்க ஆசை.

சிக்கல் போட்டோவில்தான். 1940களில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், பத்துக்கு எட்டு அங்குலம். நடுவில் அட்டை வைக்காமல் நேராகக் கண்ணாடியில் வைத்துச் சட்டம் போட்டிருக்கிறார்கள். மழைக்காலத்தில் ஓதமேறிய சுவரில் பல வருடம் தொங்கியதில் படத்தின் மேல் பூசியிருக்கும் ஜெலட்டின் படலம் இளகி, முகமும் தோளும் கண்ணாடியோடு ஒட்டிவிட்டன.

முதலில் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் காட்டினேன். ஓரத்தில் துளி படலம் கண்ணாடியிலேயே நின்றுவிட்டது, பயந்து நிறுத்திவிட்டேன். அப்புறம் பல் இடுக்கில் விடும் நூலை நுழைத்துப் பார்த்தேன், அரை அங்குலத்துக்கு மேல் போகவில்லை. கண்ணாடியோடு 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். ஒட்டிய இடம் மட்டும் ஈரம்பட்டது போல் கருமையாகத் தெரிகிறது.

தண்ணீரில் ஊறவைத்தால் கழன்றுவிடும் என்கிறார் ஸ்டூடியோக்காரர். ஆனால் உதட்டிலும் பதக்க நாடாவிலும் கையால் வண்ணம் தீட்டியிருக்கிறது, கீழே மையில் கையெழுத்து வேறு.

இதை ஊறவைக்கலாமா, இல்லை கண்ணாடியோடு அப்படியே பத்திரப்படுத்திவிட்டு நகலைக் காட்சிக்கு வைப்பதுதான் சரியா?