ரெஸ்டோரேஷன்: பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குத் தமிழில் என்ன சொல்வது?

சென்னை, திங்கள் இரவு

அன்பர்களுக்கு வணக்கம். அவசரமாக ஓர் உதவி வேண்டும். ஒரு கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்தில் ஒருவர் தன் வீட்டுக் கொட்டகையில் வைத்தே, 1960களின் எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் துருவிலிருந்து திரும்பக் கொண்டுவந்த கதை. வெள்ளி மதியம் கொடுத்தாக வேண்டும்.

'மறுசீரமைப்பு' என்று முதல் படியில் போட்டேன். வாசித்துப் பார்த்தால் கடன் மறுசீரமைப்பு, மாநில மறுசீரமைப்பு என்றுதான் காதில் விழுகிறது. 'புதுப்பித்தல்' ரேஷன் கார்டுக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் போய்விட்டது. 'புனரமைப்பு' என்றால் சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடுகள் கண்முன் வருகின்றன. 'வாகன மீட்பு' என்று எழுதினால் காவல்துறை திருட்டு வண்டியைப் பிடித்த செய்தி ஆகிவிடும்.

கட்டுரையில் ஒரு பத்தி முழுக்க ரிப்பேர், ரெஸ்டோரேஷன், ரீபில்ட், கன்சர்வேஷன் நான்குக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றியது. ஒரே சொல்லை இரண்டு இடத்தில் போட்டுத் தப்பிக்க முடியாது. நான்கு சொற்கள் வேண்டும், நான்கும் ஒன்றோடொன்று மோதக் கூடாது.

கோவை, செவ்வாய் காலை

வணக்கம் சார். முப்பது வருடமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் என்னிடம் 'ரெஸ்டோர் பண்ணணும்' என்றுதான் கேட்கிறார்கள். பையன்கள் 'ரெஸ்டோரேஷன் வண்டி' என்கிறார்கள். எல்லோருக்கும் புரிகிற சொல் இருக்கும்போது அதைத் தமிழ் எழுத்தில் எழுதிவிட்டுப் போகலாமே. டிங்கரிங், பட்டி, ஓவராயில் எல்லாம் இப்படி வந்தவைதான். பட்டி பார்ப்பது என்று சொல்லும்போது யாரும் அதை இங்கிலீஷாக நினைப்பதில்லை.

இன்னொன்று. எம்.ஜி.பி. நமக்கு அந்நியமான வண்டி இல்லை. அதில் இருப்பது 1798 சிசி பி-சீரிஸ் எஞ்சின். நம் அம்பாசடரில் வந்த 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் அதே குடும்பம்தான். அம்பாசடர் எஞ்சினை இறக்கி ஏற்றிய கை, எம்.ஜி.பி. பானெட்டைத் திறந்தால் பாதி இடம் பழகிய இடமாக இருக்கும். அந்தக் கைக்காரர்கள் படித்தால் புரிய வேண்டும். எனக்கு அதுதான் கணக்கு.

திருநெல்வேலி, செவ்வாய் மாலை

அன்புள்ள தம்பிக்கு. சொல் நம்மிடம் இருக்கிறது, தேடினால் கிடைக்கும். 'புதுக்குதல்' என்பது பழைய வினை. கல்வெட்டுகளில் 'புதுக்குப்புறம்' என்று வரும்: கோயில் பழுதுபட்டால் புதுக்குவதற்கென்று எழுதிவைத்த நிலம். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இந்த வேலைக்குத் தனி நிதியும் தனிச் சொல்லும் வைத்திருந்தவர்கள் நாம். 'புதுக்கம்' என்று பெயராக்கிக்கொள்ளுங்கள். புதுப்பித்தலை ரேஷன் கார்டுக்கே விட்டுவிடலாம்.

'புது' என்பதோடு ஒலியில் ஒட்டும் ஒரு சொல்லையும் பாருங்கள். புதல் என்றால் புதர், தழைத்து எழுவது. புதிதாகத் தளிர்ப்பது எல்லாம் 'புது'. பட்ட மரம் துளிர்ப்பதுபோல் துருப்பிடித்த தேர் துளிர்க்கிறது. இதைவிடப் பொருத்தமான உவமை ஏது?

வீட்டில் இருந்து ஒரே வண்டிக்கு ஆண்டுக்கணக்கில் உழைப்பவரைப் பற்றிப் படித்ததும் புறநானூறு 87 நினைவுக்கு வந்தது. அதியமானைப் பற்றி ஔவை சொல்வது: 'வைகல் எண்தேர் செய்யும் தச்சன் திங்கள் வலித்த காலன் னோனே.' நாளுக்கு எட்டுத் தேர் செய்யும் தச்சன், ஒரு மாதம் முழுக்கக் கருத்தூன்றிச் செய்த ஒற்றைச் சக்கரம்! உங்கள் கட்டுரையின் மனிதர் அந்தத் தச்சனின் வழிவந்தவர். இந்த வரியை எங்காவது சேர்க்க முடியுமா என்று பாருங்கள்.

கும்பகோணம், செவ்வாய் இரவு

ஐயா அவர்களுக்கு வணக்கம். கோயில் கல்வேலைகளைப் பாதுகாக்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில் 'புதுக்கம்' என்ற சொல்லைக் கண்டு பயப்படுகிறேன். நாங்கள் நாள்தோறும் எதிர்த்து நிற்பதே அந்த மனப்பான்மையைத்தான். பழைய சுவர் புதிதாகத் தெரிய வேண்டும் என்று மணலை வேகமாகப் பீய்ச்சிக் கல்லின் தோலை உரித்தார்கள். உளியின் கோடும் எழுத்தும் அதோடு போயின. அப்புறம்தான் அறநிலையத்துறை அதைத் தடைசெய்தது. கார் தகட்டிலும் இதே கதை என்று கேள்விப்படுகிறேன். மெல்லிய தகட்டில் மணலை வேகமாக அடித்தால் அது நெளிந்துவிடுமாம்.

திருப்பணி, சீர்ணோத்தாரணம் என்று இரண்டு சொற்கள் உண்டு. சீர்ணம் தேய்ந்தது, உத்தாரணம் தூக்கி நிறுத்துவது. பொருள் கச்சிதம், ஆனால் காருக்கு நாக்கு தாங்காது. திருப்பணியில் 'திரு' இருப்பதால் அதுவும் இறைவனுக்கே.

நான்கு சொற்களுக்கு என் முன்மொழிவு: பழுதுபார்ப்பு, சீர்மீட்பு, மீட்டுருவாக்கம், பேணுகை. 'மீட்டுருவாக்கம்' மொழியியலில் ஏற்கெனவே புழங்குகிறது. மூலத் திராவிடச் சொற்களை மீட்டுருவாக்குகிறோம், அதாவது இல்லாததை இருப்பவற்றிலிருந்து மறுபடி கட்டுகிறோம். ரீபில்ட் அதுதான். இழந்த சீரை மீட்பது மட்டும் சீர்மீட்பு.

ஆனால் எல்லைக்கோடு எளிதல்ல. திருவாரூர் ஆழித்தேர் ஒரு முறை எரிந்துபோய் மறுபடி கட்டப்பட்டது. பிறகு திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தியது. இன்றைக்கும் ஊரார் அதை அதே தேர் என்றுதான் இழுக்கிறார்கள். அது சீர்மீட்பா, மீட்டுருவாக்கமா? எனக்கு இன்னும் தெளியவில்லை.

லெஸ்டர் (இங்கிலாந்து), புதன் பின்னேரம்

எல்லாருக்கும் வணக்கம். எனது கொட்டகைக்குள்ளேயே ஒரு 1969 எம்.ஜி.பி. ஜி.டி. நிற்கிறபடியால் நானும் எழுதுகிறேன்.

இந்தக் காருக்குத் தனிச் சட்டகம் இல்லை, உடலே சட்டகம். கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற பெட்டித் தகடு இருக்கிறதே, இங்கே அதைச் சில் என்பார்கள், அதுதான் காரின் முதுகெலும்பு. வாங்கும்போது வடிவாகப் பளபளத்தது. போன மாதம் வலப்பக்கத்தை வெட்டிப் பார்த்தேன். மேலே இருந்தது ஒரு மூடித் தகடு. உக்கிப்போன பழைய தகட்டை எடுக்காமல் அதற்கு மேலேயே ஒட்டி, பட்டி பூசி, நிறமடித்து விட்டிருக்கிறார்கள். உள்ளே கையை விட்டேன். துரு செதில் செதிலாக உதிர்ந்து ஒரு வாளி நிறைந்தது. எந்தக் கராஜ் செய்தது என்று எனக்குத் தெரியும், அதை விடுங்கள். முன்பு செய்தவர்கள் செய்ததற்குப் பெயர் ரிப்பேர், நான் செய்ய வேண்டியது வேறு. இந்த வேறுபாட்டை ஒரு சொல் சொல்லத்தான் வேண்டும். கோவை அண்ணர் மன்னிக்க வேணும்.

வெட்ட முதல் கதவு வாசலுக்குள் இரும்புக் கம்பியைக் குறுக்கே ஒட்டி நிறுத்த வேண்டும். இல்லையென்றால் கார் நடுவில் தொய்ந்து, கதவு பிறகு ஒருநாளும் சரியாகப் பூட்டாது. ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான். கதவின் பின்விளிம்பில் ஒரு மட்டை அட்டையை மேலிருந்து கீழே இழுத்துப் பார்ப்பேன். எங்கே இறுகுகிறதோ அங்கே பென்சிலால் குறிப்பேன். மூன்று நாள் இதே வேலை. ஐயா சொன்ன 'திங்கள் வலித்த கால்' எனக்கு நன்றாகவே விளங்கியது.

1988இலிருந்து எம்.ஜி.பி.க்குப் புத்தம்புது உடலே விற்பனைக்கு வந்தது, பழைய தொழிற்சாலையில் தகடு அழுத்திய அச்சுகளைக் கொண்டு செய்தது. அதை வாங்கிப் பழைய எஞ்சினையும் அச்சையும் மாட்டினால் அது எந்தச் சொல்லில் அடங்கும்? இங்கே வாகன உரிமத் துறையிடம் நெடுங்காலம் ஒரு புள்ளிக் கணக்கு இருந்தது: சட்டகம் அல்லது உடலுக்கு 5, தொங்கமைப்புக்கு (சஸ்பென்ஷன்) 2, அச்சுகளுக்கு 2, கியர்ப்பெட்டி வகைக்கு 2, ஸ்டியரிங்குக்கு 2, எஞ்சினுக்கு 1. மாற்றங்கள் அளவுக்கு மீறினால் பழைய பதிவு எண்ணை வைத்திருக்க 8 புள்ளி வேண்டியிருந்தது. எஞ்சினுக்கு ஒன்றே ஒன்று, உடலுக்கு ஐந்து! உயிர் எங்கே இருக்கிறது என்று அவர்கள் நினைத்தார்கள் பாருங்கள்.

எனது சொல் 'திருத்துதல்'. யாழ்ப்பாணத்தில் கார் திருத்துகிறது என்றுதான் சொல்வோம். பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்கள் வீட்டு ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் காரைப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அதிலும் இதே பி-சீரிஸ் எஞ்சின்தான். உதிரிப்பாகம் வராது, அப்பா இருந்ததை வைத்துத் திருத்தித் திருத்தி ஓட்டினார். எனக்கு அந்தச் சொல்லில் எல்லாம் இருக்கிறது.

கோவை, புதன் இரவு

லெஸ்டர் அண்ணா எழுதியதைக் கடையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மூடித் தகடு விஷயத்தில் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஆனால் 'திருத்தம்' இங்கே எடுபடாது. எங்களுக்கு அது விடைத்தாள், சட்டத் திருத்தம். 'சீர்மீட்பு' அதைவிடச் சிக்கல். கொங்குப் பக்கம் சீர் என்றால் கல்யாணச் சீர்தான். சீரைத் திருப்பி வாங்கப் போகிறார்கள் என்று படிப்பார்கள். 'மீட்டமைப்பு' எழுதலாமா என்று யோசித்தேன். கைப்பேசியில் 'மீட்டமை' என்று வருவதை அழுத்தினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். பழைய காருக்கு அந்தச் சொல்லைக் கொடுக்க மனம் வரவில்லை. பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல என்று நன்னூல் எழுதிய பவணந்தியாரே சொல்லிவிட்டார். ரெஸ்டோரேஷனை உள்ளே விடுங்கள் ஐயா.

இன்னொரு சொல்லையும் பாருங்கள். நாம் மாற்றுச் சக்கரத்தை ஸ்டெப்னி என்கிறோம். அது வேல்ஸில் லனெல்லி ஊரில் உள்ள ஒரு தெருவின் பெயரிலிருந்து வந்தது. அங்கே அது செத்துவிட்டது, நாம் வைத்துக் காப்பாற்றுகிறோம். இரவல் சொல்லுக்கும் நம்மிடம் இப்படி ஆயுள் உண்டு.

திருநெல்வேலி, வியாழன் அதிகாலை

தம்பி, பவணந்தியார் 'வழுவல' என்றதோடு நிறுத்தவில்லை, 'கால வகையினானே' என்றார். காலம் கேட்டால் புகலாம், நம் சோம்பல் கேட்டால் புகக் கூடாது. ஸ்டெப்னிக்கும் நம்மிடம் சொல் இருந்தது. புறநானூறு 102இல் உப்பு வணிகர்கள் வண்டியின் கீழ்மரத்தில் 'சேம அச்சு' கட்டிக்கொண்டு போகிறார்கள். பள்ளமோ மேடோ, எங்கே அச்சு முறியும் என்று யார் அறிவார் என்ற கவலை அவர்களுக்கு. சேமச் சக்கரம் என்று சொல்லிப் பாருங்கள், வாயில் எவ்வளவு இயல்பாக வருகிறது!

லெஸ்டர் நண்பரின் 'திருத்துதல்' என்னைத் தடுமாற வைத்துவிட்டது. காடு திருத்திக் கழனி ஆக்குவதும் திருத்தல்தான். சங்க இலக்கியத்தில் நன்கு செய்த அணிக்குத் 'திருந்திழை' என்று பெயர். திருந்துதல் என்றால் ஒன்று தனக்குரிய சரியான நிலைக்கு வருவது. நான் புதுக்கத்தைக் கைவிடவில்லை, ஆனால் இரண்டாவது வாக்கு அதற்குத்தான். சீர்மீட்பை ஏற்க மாட்டேன். அசை, சீர், தளை என்று படித்தவனுக்கு அது யாப்புப் பாடமாகவே தெரியும்.

கும்பகோணம், வியாழன் மதியம்

கல்யாணச் சீரும் யாப்புச் சீரும் குறுக்கே வரும் என்பது உண்மைதான். ஆனால் காரோடு சேர்ந்து வரும்போது யாருக்கும் குழப்பம் வராது. சீர்கெட்டுப் போனது என்று வீட்டில் சொல்கிறோமே, அந்தச் சீர்தான் இது. கெட்டதை மீட்கிறோம்.

லெஸ்டர் நண்பரின் புள்ளிக் கணக்கைப் படித்ததும் ஆழித்தேர்க் கேள்விக்கு எனக்கு ஒரு பாதி விடை கிடைத்தது. பழைய உடலில் புதுத் தகடு சேர்ந்தால் சீர்மீட்பு, புது உடலில் பழைய பாகம் சேர்ந்தால் மீட்டுருவாக்கம். எது எதற்குள் போகிறது என்பதே எல்லை. கட்டுரையில் அந்தப் பத்திக்கு இது உதவும் என்று நினைக்கிறேன்.

சென்னை, வியாழன் நள்ளிரவு

எல்லோருக்கும் நன்றி. இதற்கு மேல் காத்திருக்க நேரமில்லை. கும்பகோணத்தாரும் நானும், தனிமடலில் எழுதிய இரண்டு பேரும் சீர்மீட்புக்கு. ஐயா புதுக்கத்துக்கு, கோவை நண்பர் ரெஸ்டோரேஷனுக்கு, லெஸ்டர் நண்பர் திருத்துதலுக்கு. முதல் வரியில் 'ரெஸ்டோரேஷன் எனப்படும் சீர்மீட்பு' என்று ஒரு முறை எழுதிவிட்டு, பிறகு சீர்மீட்பு என்றே ஓட்டுகிறேன். புது உடல் வாங்கி மாட்டும் இடத்தில் மட்டும் மீட்டுருவாக்கம். கும்பகோணத்தார் சொன்ன எல்லையை அந்தப் பத்தியில் பயன்படுத்திக்கொண்டேன், உண்மையில் மூல ஆசிரியரும் கிட்டத்தட்ட அதைத்தான் சுற்றிச் சுற்றிச் சொல்கிறார். 'ஸ்போர்ட்ஸ் கார்' அப்படியே நிற்கும். பந்தயக் கார் என்று எழுதினால் பொருளே மாறிவிடும். அது அலுவலகத்துக்கும் கடைக்கும் ஓட்டிப்போன இரண்டு கதவு வண்டி.

ஐயா, தச்சன் வரியைச் சேர்க்க முடியவில்லை, மொழிபெயர்ப்பில் நான் நுழையக் கூடாது. ஆனால் 'சேமச் சக்கரம்' ஓரிடத்தில் போட்டிருக்கிறேன்.

லெஸ்டர், வெள்ளி காலை

நல்லது தம்பி, அச்சுக்குப் போகட்டும். எனது குறிப்புக் கொப்பியில் நான் முதல் நாளிலிருந்து 'திருத்த வேலை' என்றுதான் எழுதி வருகிறேன், அதை மாற்றப் போவதில்லை. நேற்றிரவு வலப்பக்கக் கதவைப் பூட்டிப் பார்த்தேன். அட்டை மேலிருந்து கீழ்வரை எங்கேயும் இறுகாமல் ஒரே சீராக வந்தது. சனிக்கிழமை கம்பியை இடப்பக்கத்துக்கு மாற்றி வெட்டத் தொடங்க வேண்டும்.