வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் கோச் ஃபிராங்க் பீமரின் கடைசி சீசன் (2015): நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

மலைக்கோட்டை:
நவம்பர் 21, நார்த் கரோலினா மேட்ச். பிளாக்ஸ்பர்க்கில் நம் ஹோம் மைதானமான லேன் ஸ்டேடியத்தில் பீமருக்கு அதுதான் கடைசி. சீசனோடு விலகுகிறேன் என்று நவம்பர் 1 அன்றுதான் அறிவித்திருந்தார். 29 சீசன், ஒரே டீம். நான் அப்போது வர்ஜீனியா டெக்கில் எம்.எஸ். மாணவன். நாலாவது குவார்ட்டரில் நம் டீம் 24-10 என்று பின்தங்கி, கடைசி நிமிடங்களில் இரண்டு டச்டவுன் (பந்தை எதிரணியின் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது) போட்டுச் சமன் செய்தார்கள். என் பக்கத்தில் எழுபது வயதிருக்கும் ஒரு பெரியவர். எதிரணிக்குத் தேர்ட் டவுன் (நாலு வாய்ப்பில் மூன்றாவது) வந்தால் ஸ்டேடியமே சாவிக்கொத்தை ஆட்டும், தெரியுமே. அவர் கொத்தில் டிராக்டர் சாவி, துருப்பிடித்த பூட்டுச் சாவி எல்லாம் இருந்தன. ஓவர்டைமில் நாம் ஃபீல்டு கோலோடு (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது, மூன்றே புள்ளி) நின்றோம், நார்த் கரோலினா டச்டவுன் போட்டது. 30-27, முடிந்தது. பெரியவர் நிறுத்தவில்லை. கன்னமெல்லாம் நனைந்திருக்க, பீமர் உள்ளே போகும்வரை சாவியை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவர் யார், எத்தனை வருஷமாக அந்த சீட்டுக்கு வருகிறார் என்று இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

தாமிரபரணி:
சீசன் நடுவில் அறிவித்ததுதான் எனக்கு ஆறவில்லை. அடுத்த வாரம் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தோடு ஆட்டம், ஷார்லட்ஸ்வில்லில் இருந்தேன். 5-6 (ஐந்து வெற்றி, ஆறு தோல்வி) என்று நிற்கிறோம். தோற்றால் 22 வருஷமாக விடாமல் ஆடிய பவுல் (போதிய வெற்றி பெற்ற டீம்கள் சீசன் முடிவில் ஆடும் ஆட்டம்) வரிசை அறுந்துவிடும். 20-20. நம் கிக்கர் ஸ்லை ஃபீல்டு கோலுக்கு நின்றபோது முன் வரிசைப் பெண் மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பந்து உள்ளே போனதைத் தெரிந்துகொண்டார். 23-20. இருபது வயதுப் பையன்கள் தலையில் இவ்வளவு பாரம் எதற்கு? டிசம்பரில் சொல்லியிருக்கலாம்.

வைகை_வாசி:
தாமிரபரணி, கணக்கைப் பாருங்கள். அறிவிப்புக்கு முன் 4-5, அப்புறம் 3-1. பாரம் என்றால் இப்படி ஆடுவார்களா? சொல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2009 சின்சினாட்டி பல்கலைக்கழக டீம் இருக்கிறது. 12-0 டீம், பவுலுக்கு முன்பே கோச் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனார். சுகர் பவுலில் ஃப்ளோரிடாவிடம் 51-24 என்று தோற்றார்கள்.

நான் பார்த்தது ஷ்ரீவ்போர்ட்டில், டிசம்பர் 26, பீமரின் கடைசிப் பவுலில் டல்ஸாவை 55-52 என்று ஜெயித்த ஆட்டம். ஸ்கோர் அப்படி ஏறியும் பீமர் கையைக் கட்டிக்கொண்டு நின்ற நிற்பு மறக்காது.

புதிதாகப் படிக்க வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. முதல் வருஷமே ஸ்டேடியத்துக்குப் போய்விடுங்கள், லேப் வேலை முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். நாலு வாய்ப்பில் பத்து யார்டு நகர வேண்டும், இவ்வளவு தெரிந்தால் போதும், மீதியைப் பக்கத்து சீட்டுக்காரர் சொல்லிக்கொடுப்பார். பிளாக்ஸ்பர்க் மலை ஊர், நவம்பரில் உட்கார்ந்தே இருந்தால் கால் விறைத்துவிடும். உல்லன் சாக்ஸ் இரண்டு ஜோடி போடுங்கள். கோச்சுக்குக் கடைசி ஹோம் கேம் என்றால் ஒரு மணி நேரம் முன்பே உள்ளே போங்கள். முடிந்ததும் பார்க்கிங்குக்கு ஓடாதீர்கள்.

தாமிரபரணி:
சின்சினாட்டியை இதில் சேர்க்காதீர்கள், வைகை. அங்கே கோச் வேறு வேலைக்குப் போனார், பீமர் ஓய்வு பெற்றார். அதுவும் அன்று எதிரே ஃப்ளோரிடாவின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) டிம் டீபோ தன் கடைசி காலேஜ் ஆட்டத்தில் 482 யார்டு எறிந்தார். எந்தக் கோச் இருந்திருந்தாலும் கஷ்டம்தான்.